ஒன்பது மாறிகள் இருந்தால் போதும்: பரிமளாவின் இயற்கணிதம்

1976-ஆம் ஆண்டு இயற்கணிதக்காரர்களுக்குத் திருவிழா ஆண்டு. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ழான்-பியர் செர் 1955-இல் எழுப்பிய ஒரு கேள்வி இருபது ஆண்டுகளாக யாருக்கும் முழுதாகப் பிடிபடாமல் நின்றது. அமெரிக்காவில் டேனியல் குவில்லனும் சோவியத் ஒன்றியத்தில் ஆந்திரே சுஸ்லினும் தனித்தனியாக, ஏறத்தாழ ஒரே சமயத்தில் அதற்கு விடை கண்டார்கள். ‘ஆம்’ என்பதே விடை. அதே ஆண்டில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை வந்தது. செர் கேட்டதற்கு அடுத்த படியாகப் பலரும் எதிர்பார்த்த கேள்விக்கு அது ‘இல்லை’ என்றது. எழுதியவர் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த, முப்பது வயதைத் தொடாத ஒரு தமிழ்ப் பெண்.

அவர்தான் ராமன் பரிமளா. நம் ஊடகங்களில் அவர் பெயர் அபூர்வமாக வரும்போதெல்லாம் விருதுகளின் பட்டியலும் கூடவே வரும். அதில் எனக்கு நெடுநாள் மனக்குறை உண்டு. ‘இருபடி வடிவங்களில் முக்கியமான ஆய்வுகள் செய்தார்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் எந்த ஆண்டு எந்தப் பரிசு என்று போய்விடுவார்கள். நாற்பது ஆண்டு உழைப்பு அந்த ஒரு வரிக்குள் மடங்கிக் கிடக்கிறது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கணிதப் பட்டம் எதுவும் வேண்டாம், பள்ளிக் கணக்கு நினைவிருந்தால் போதும்.

வாழ்க்கைக் குறிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்தது 1948 நவம்பர் 21. சென்னையில் சாரதா வித்யாலயா பெண்கள் பள்ளி, அப்புறம் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி. 1970-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்துவிட்டு ஆராய்ச்சிக்காகப் பம்பாய் போனார். அங்கே ஆர். ஸ்ரீதரன் அவருக்கு வழிகாட்டி. ஸ்ரீதரனோ நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஐலன்பெர்க்கிடம் பயின்றவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பரிமளாவுக்கு 1976-இல் கிடைத்தது.

போய்ச் சேர்ந்த இடத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. கொலாபா கடற்கரையில் இருக்கும் அந்த நிறுவனத்தில் செரின் கேள்வி வீட்டுப் பேச்சு மாதிரி. காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி, இரண்டு மாறிகள் வரைக்கும் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடையை 1958-இலேயே நிறுவியிருந்தார். உலகம் தேடிக்கொண்டிருந்த விடையின் முதல் பெரிய துண்டு நம் ஆளிடமிருந்து வந்தது. அந்தச் சூழலுக்குள்தான் பரிமளா மாணவியாக நுழைந்தார்.

சரி, செர் கேட்டது என்ன? ஒரு காகிதப் பட்டையை எடுத்து இரு முனைகளையும் ஒட்டினால் வளையல் போல ஒரு வளையம் கிடைக்கும். ஒட்டுவதற்கு முன் ஒருமுறை முறுக்கிவிட்டால் வேறொரு பொருள் கிடைக்கும். ஒவ்வொரு இடத்திலும் பார்த்தால் இரண்டுமே ஒரே மாதிரிப் பட்டைதான். முழுதாகச் சுற்றி வந்தால்தான் முறுக்கு தெரியும். வட்டத்தின் மேல் பட்டையைப் பரப்புவதால் இந்த முறுக்கு சாத்தியமாகிறது. சமதளம் போல எங்கும் ஓட்டையோ வளைவோ இல்லாத வெளியின் மேல், ஒவ்வொரு புள்ளியிலும், பட்டையின் குறுக்குக்கோட்டைப் போல, ஒரு திசையன் வெளியை நிறுத்தி வைத்தால் அப்படி முறுக்கு வருமா? வடிவியல் கண்ணுக்கு ‘வராது’ என்று உடனே தெரிகிறது. ஆனால் பல்லுறுப்புக்கோவைகளை மட்டும் கருவியாக வைத்துக்கொண்டு, வேறு எதையும் தொடாமல், அந்தக் குடும்பத்தை நேராக்கிக் காட்ட முடியுமா? இதுதான் கேள்வி. முடியும் என்று குவில்லனும் சுஸ்லினும் காட்டினார்கள், எத்தனை மாறிகள் இருந்தாலும்.

அடுத்த படி இது: அந்தத் திசையன் வெளி ஒவ்வொன்றிலும் நீளத்தை அளக்க ஓர் அளவுகோலையும் சேர்த்து வைப்போம். பிதாகரஸ் சொன்ன நீளத்தில் வர்க்கங்களின் கூட்டல்தான் இருக்கிறது. எல்லா உறுப்புகளும் சரியாக இரண்டாம் படியில் இருக்கும் அப்படிப்பட்ட கோவைக்கு இருபடி வடிவம் என்று பெயர். ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கும் அளவுகோலைப் பல்லுறுப்புக்கோவைகளாலேயே மாற்றி மாற்றி, கடைசியில் எங்கும் ஒரே அளவுகோலாக ஆக்கிவிட முடியுமா? ஒரு மாறி இருந்தால் முடியும் என்று ஜெர்மானியர் குந்தர் ஹார்டர் காட்டியிருந்தார். இரண்டு மாறிகளுக்கும் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்த்ததில் தப்பில்லை.

கல்லூரியில் நேரியல் இயற்கணிதம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வழி தோன்றும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான, ஓரலகு நீளமுள்ள திசையன்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அளவுகோல் எங்கும் ஒன்றாகிவிடாதா? ஆகும். ஆனால் ஓரலகு நீளமாக்க, திசையனை அதன் நீளத்தால் வகுக்க வேண்டும். நீளம் என்பது வர்க்கமூலம். பல்லுறுப்புக்கோவையின் வர்க்கமூலம் பொதுவாகப் பல்லுறுப்புக்கோவையாக இருக்காது. வழி அங்கேயே அடைபடுகிறது. வேறு தந்திரம் ஏதாவது இருக்குமா என்று எவ்வளவு தேடினாலும் கிடைக்காத இடங்கள் உண்டு என்பதைத்தான் பரிமளா காட்டினார். நான்கு வரிசை, நான்கு நிரல் கொண்ட சமச்சீர் அணி ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். பதினாறு கட்டங்களிலும் மெய்யெண் கெழுக்களோடு இரண்டு மாறிகளின் பல்லுறுப்புக்கோவைகள். அணிக்கோவையோ பூச்சியமில்லாத மாறிலி. தளத்தின் எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் அது சாதாரண நீள அளவுகோல்தான். இருந்தும் பல்லுறுப்புக்கோவைகளால் அதை நேராக்கவே முடியாது. இப்படி ஒன்றிரண்டு இல்லை, முடிவில்லாத எண்ணிக்கையில் இருக்கின்றன.

அந்த நான்கு எங்கிருந்து வந்தது? குவாட்டர்னியன்களிலிருந்து. 1843-இல் டப்ளினில் வில்லியம் ஹாமில்டன் கண்டுபிடித்த எண்கள் அவை. கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், பூச்சியம் தவிர எதனாலும் வகுக்கலாம், ஆனால் பெருக்கும் வரிசையை மாற்றினால் விடை மாறும். ஐ-ஐ ஜே-யால் பெருக்கினால் கே, ஜே-ஐ ஐ-யால் பெருக்கினால் கே-யின் எதிர்மம். ஒவ்வொரு குவாட்டர்னியனுக்கும் நான்கு கூறுகள். அதன் அளவு, அந்த நான்கின் வர்க்கங்களைக் கூட்டினால் வருவது. அதாவது நான்கு மாறிகள் கொண்ட ஓர் இருபடி வடிவம். சாதாரண எண்களுக்குப் பதில் குவாட்டர்னியன்களை வைத்துச் செரின் கேள்வியைக் கேட்டால், இரண்டு மாறிகளிலேயே விடை ‘இல்லை’ ஆகிவிடுகிறது என்று மானுவேல் ஓஹாங்குரெனும் ஸ்ரீதரனும் 1971-இல் காட்டியிருந்தார்கள். அந்த நேராகாத குடும்பங்களைப் பரிமளா ஸ்ரீதரனோடு சேர்ந்து மேலும் ஆராய்ந்தார். அவற்றோடு ஒட்டியே வரும் நான்கு பரிமாண அளவுகோலைக் கவனித்தார். குவாட்டர்னியனில் ஒளிந்திருந்த முறுக்கு அளவுகோலில் வெளிப்பட்டது.

எதிர் எடுத்துக்காட்டு என்றால் நம்மில் பலர் அதை ஒரு மாற்றுக் குறைவாக நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. எங்கே வழி அடைபடுகிறது என்று சரியாகச் சொல்பவருக்குத்தான் அந்த நிலத்தின் வரைபடம் தெரியும். பரிமளாவின் கட்டுரைக்குப் பிறகு, எந்த நிபந்தனை இருந்தால் அளவுகோல் நேராகும் என்ற ஆராய்ச்சி தனிக் கிளையாக வளர்ந்தது. டாடா நிறுவனத்தைச் சேர்ந்த எம். எஸ். ரகுநாதனும் அதில் முக்கியமானவர்.

அதற்குப் பின் பரிமளா டாடா நிறுவனத்திலேயே ஆசிரியராக வளர்ந்தார். 1987-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு. கணிதத்துக்கு அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அடுத்த பெண் சுஜாதா ராமதுரை, 2004-இல். அதற்கடுத்தவர் நீனா குப்தா, 2019-இல். மூவருமே இயற்கணிதத்தின் பக்கம் சேர்ந்தவர்கள் என்பதும், சுஜாதா பரிமளாவின் மாணவி என்பதும் கவனிக்க வேண்டியவை. ஓர் ஆசிரியர் ஒரு துறையில் நிலையாக நின்றால் பின்னால் வருகிறவர்களுக்குக் கதவு எவ்வளவு தூரம் திறக்கிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டாம்.

இனி அவருடைய இரண்டாவது பெரிய வேலை. அதற்கு ஒரு சின்னக் கணக்கிலிருந்து வரலாம். இரண்டு முழு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மூன்றாவது ஒரு முழு எண்ணின் வர்க்கத்தைப் போல மூன்று மடங்கு வர வேண்டும். மூன்றும் பூச்சியம் என்பது சேர்த்தியில்லை. அப்படி மூன்று எண்கள் உண்டா? தேடிப் பாருங்கள், கிடைக்காது. காரணம் எளிது. எந்த வர்க்கத்தையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 தான். மூன்றாவது எண் ஒற்றைப்படை என்றால் வலப்பக்கம் மீதி 3 வரும். இடப்பக்கம் 0, 1, 2 தான் வர முடியும். ஆகவே மூன்றாவது எண் இரட்டைப்படை. அப்போது இடப்பக்கமும் 4-ஆல் வகுபட வேண்டும், அதற்கு முதல் இரண்டும் இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும். எல்லாவற்றையும் 2-ஆல் வகுங்கள். மறுபடியும் அதே நிலைமை, மறுபடியும் வகுங்கள். எந்த முழு எண்ணையும் இப்படி முடிவே இல்லாமல் பாதியாக்கிக்கொண்டு போக முடியாது, பூச்சியத்தைத் தவிர.

இந்த மீதிக் கணக்கை 2, 4, 8, 16 என்று எல்லா அடுக்குகளுக்கும் ஒரேயடியாகச் செய்ய வசதியான எண்களுக்கு 2-அடிக் எண்கள் என்று பெயர். 3, 5, 7 என்று ஒவ்வொரு பகா எண்ணுக்கும் இப்படி ஒரு பி-அடிக் உலகம் உண்டு. மாறிகள் எல்லாவற்றையும் பூச்சியமாக வைக்காமல், விகிதமுறு எண்களில் ஓர் இருபடி வடிவத்தைப் பூச்சியமாக்க முடியுமா என்று தெரிய வேண்டுமானால், மெய்யெண்களிலும் ஒவ்வொரு பி-அடிக் உலகத்திலும் முடிகிறதா என்று பார்த்தால் போதும். எல்லா இடத்திலும் முடிந்தால் இங்கேயும் முடியும். மின்கோவ்ஸ்கியும் ஹெல்முட் ஹாஸேயும் தந்த தேற்றம் இது. வீடு வீடாக விசாரித்து ஊர் நிலவரத்தைச் சொல்லிவிடுவது மாதிரி.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். ஓர் இருபடி வடிவத்தில் எத்தனை மாறிகள் இருந்தால் அதைப் பூச்சியமாக்குவது கட்டாயம் முடியும்? மெய்யெண்களில் இதற்கு வரம்பே இல்லை. ஆயிரம் வர்க்கங்களைக் கூட்டினாலும், எல்லாம் பூச்சியமானால் ஒழிய, கூடுதல் பூச்சியமாகாது. கலப்பெண்களில் இரண்டு மாறிகள் போதும். பி-அடிக் எண்களில் ஐந்து போதும், நான்கில் தப்பித்துக்கொள்ளும் வடிவம் உண்டு. அப்படித் தப்பிக்கும் வடிவத்தில் அதிகபட்சம் எத்தனை மாறிகள் இருக்கலாம் என்பதை யு என்ற எண்ணால் குறிப்பார்கள். கலப்பெண்களுக்கு யு 1, பி-அடிக் எண்களுக்கு 4.

யு எப்போதும் 1, 2, 4, 8 என்று இரண்டின் அடுக்காகவே இருக்கும் என்று ஒரு காலத்தில் இர்விங் கப்ளான்ஸ்கி ஊகித்தார். அலெக்சாந்தர் மெர்க்குரியேவ் எல்லா இரட்டைப்படை எண்ணும் வர முடியும் என்று காட்டி அந்த ஊகத்தை உடைத்தார். 3, 5, 7 வரவே முடியாது என்று தெரிந்திருந்தது. அப்புறம் ஓலெக் இஷ்போல்டின் யு 9 ஆக இருக்கும் ஒரு புலத்தையே, அதாவது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் செய்ய முடிகிற ஓர் எண் உலகத்தையே, கட்டிக் காட்டினார். ஆக, பொதுவான ஒழுங்கை நம்பி எந்தப் புலத்தின் யு-வையும் ஊகித்துவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பாடுபட வேண்டும்.

கலப்பெண்களோடு ஒரு மாறியைச் சேர்த்து, அந்த மாறியின் பல்லுறுப்புக்கோவைகளால் ஆன பின்னங்களையே எண்களாக எடுத்துக்கொண்டால் யு 1-இலிருந்து 2 ஆகிறது. இன்னொரு மாறி சேர்த்தால் 4. மாறிக்கு மாறி இரட்டிப்பு. அப்படியானால் பி-அடிக் எண்களோடு ஒரு மாறியைச் சேர்த்தால் 4 என்பது 8 ஆக வேண்டும். எட்டுக்குக் குறையாது என்பது எளிது. எட்டைத் தாண்டாது என்று காட்டுவதுதான் கடினம். எவ்வளவு கடினம் என்றால், 1990-களின் நடுப்பகுதி வரைக்கும் யு ஒரு முடிவுள்ள எண் என்பதுகூட யாருக்கும் உறுதியாகத் தெரியாது. டேவிட் சால்ட்மன் 1997-இல் இந்தப் புலத்தின் மேல் குவாட்டர்னியனைப் போன்ற அமைப்புகள் எவ்வளவு பெரிதாக வளரலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு, 2 தவிர மற்ற பகா எண்களுக்கு, மெர்க்குரியேவ் 26 என்றார். டெட்லெஃப் ஹாஃப்மனும் யான் வான் கீலும் 22 என்றார்கள். 1998-இல் பரிமளாவும் அவருடைய மாணவராக இருந்த வி. சுரேஷும் அதை ஒரே பாய்ச்சலில் 10-க்கு இறக்கினார்கள்.

பத்துக்கும் எட்டுக்கும் இடையில் இருப்பது இரண்டே படிகள். அந்த இரண்டு படிகளும் இறங்கிய கட்டுரை அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் இதழில் 2010-இல் அச்சானது, முந்தைய கட்டுரைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. யு சரியாக 8. ஒன்பது மாறிகள் இருந்தால் எந்த இருபடி வடிவமும் அங்கே தப்பிக்க முடியாது. இதே முடிவுக்கு ஹார்பேட்டர், ஹார்ட்மன், கிராஷன் மூவரும் முற்றிலும் வேறு வழியில் வந்தார்கள். விட்டுப்போன பகா எண் 2-உம் பின்னால் சேர்ந்துவிட்டது.

எனக்குப் பிடித்த விஷயம் இது: 1976-இல் குவாட்டர்னியன்களின் அளவாக வந்த அதே இருபடி வடிவங்கள்தான் இங்கேயும் வருகின்றன. அன்று அவை ‘நேராகாது’ என்பதற்குச் சாட்சி சொல்லின. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ‘எட்டுக்கு மேல் தப்பிக்காது’ என்பதற்கு உதவின. அவர் பொருளை மாற்றவில்லை, அதன் அடி ஆழத்துக்கே போய்க்கொண்டிருந்தார்.

இடையில் சுவிட்சர்லாந்தின் எவா பயர்-ஃப்ளூக்கிகரோடு செய்த வேலையும் உண்டு. செர் 1962-இல் குலங்கள் என்ற இயற்கணித அமைப்புகளைப் பற்றி வைத்த இன்னோர் ஊகத்தை, செவ்வியல் குலங்கள் என்ற பெரிய வகைக்கு இருவரும் 1995-இல் நிறுவினார்கள். அதன் விவரத்துக்குள் போனால் இன்னொரு கட்டுரை ஆகும், இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்த வேலைகளின் மூதாதை யார் என்று தேடினால் எம்மி நோதரிடம் போய் நிற்போம். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் சம்பளமில்லாமல், டேவிட் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவித்த வகுப்புகளை எடுத்தவர். 1933-இல் யூதர் என்பதற்காக நாஜி அரசு வேலையிலிருந்து விலக்கியது. அமெரிக்காவுக்குப் போய் 1935-இல் அங்கேயே காலமானார். பெருக்கல் வரிசை மாறினால் விடை மாறும் அமைப்புகளுக்கும் வீடு வீடாக விசாரித்து ஊர் நிலவரம் சொல்லலாம் என்ற தேற்றம் பிரவுவர், ஹாஸே, நோதர் மூவருடையது. பரிமளா நிற்கும் தளத்தின் அஸ்திவாரமே அதுதான். 1932-இல் உலகக் கணிதவியலாளர் மாநாட்டில், சூரிக் நகரில், நோதர் முழு அவை உரை நிகழ்த்தினார். பெண் ஒருவர் அங்கே அப்படிப் பேசியது அதுவே முதல்முறை. 62 ஆண்டுகள் கழித்து, 1994-இல், அதே சூரிக்கில் கூடிய அதே மாநாட்டில் பரிமளா அழைப்பு உரை நிகழ்த்தினார். 2010-இல் அந்த மாநாடு முதன்முதலாக இந்தியாவுக்கு, ஹைதராபாத்துக்கு வந்தபோது, முழு அவை உரையாளர்களில் அவரும் ஒருவர். நோதர் பெயரில் அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் சொற்பொழிவை 2013-இல் பரிமளா நிகழ்த்தினார். அதே சொற்பொழிவை 1990-இல் நிகழ்த்தியவர், 1935-இல் சென்னையில் பிறந்த இயற்கணித ஆய்வாளர் பாமா ஸ்ரீநிவாசன். சென்னையில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

2005-இல் பரிமளா அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்துக்குப் போனார். பெரும்பாலானோர் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயது. அங்கிருந்துதான் எட்டு என்ற அந்த விடை வெளிவந்தது, சுரேஷும் பின்னர் அங்கேயே பேராசிரியரானார்.

மிச்சம் இருக்கும் கேள்வி இது. பி-அடிக் எண்களுக்குப் பதில், விகிதமுறு எண்களோடு −1-இன் வர்க்கமூலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு மாறியைச் சேருங்கள். யு எவ்வளவு? 8 என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அது ஒரு முடிவுள்ள எண் என்பதற்கே இன்னும் நிரூபணம் இல்லை. ழான்-லூயி கோலியோ-தெலென் வைத்திருக்கும் ஓர் ஊகம் மெய்யானால் யு முடிவுள்ளதுதான் என்று மாக்ஸ் லீப்ளிக், பரிமளா, சுரேஷ் மூவரும் 2014-இல் காட்டினார்கள். அந்த ஊகம் இன்னும் திறந்தே கிடக்கிறது.